அவை மூழ்கியிருந்த நேரம்

கடல்வாத்துகளை நெருங்குவதற்கு ஒரு வழி உண்டு. குளிர்காலக் கடற்கரையில் பறவை பார்க்கிறவர்கள் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. வாத்துக் கூட்டம் நீருக்குள் மூழ்கும்வரை ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். கடைசி வாத்தும் மறைந்ததும் விரைவாகப் பத்துப் பன்னிரண்டு காலடி முன்னே நடந்து, முதல் தலை மேலே வருவதற்குள் மறுபடியும் நின்றுவிட வேண்டும். மேலே வந்த பறவை சுற்றிலும் ஒரு முறை பார்க்கும். அசைவு எதுவும் தெரியாவிட்டால் மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் மூழ்கும். இப்படிச் சில முறை செய்தால் 60 மீற்றர் இருந்த இடைவெளி 15 மீற்றராகச் சுருங்கிவிடும். ஸ்டெல்லர் வாத்துகளிடம் இந்த வழி பெரும்பாலும் தவறாது. மற்றக் கடல்வாத்துகள் பல வேளைகளில் முன்னும் பின்னுமாக மூழ்குவதால் ஏதாவது ஒன்று மேலே இருந்து பார்த்துவிடும். ஸ்டெல்லர் வாத்துகளோ கூட்டமாகவே மூழ்கும். நாற்பது பறவைகள் மிதந்த இடத்தில் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெறும் நீர் மட்டும் இருக்கும். அரை நிமிடம் போல அந்த நீர் வெறுமையாகவே கிடக்கும். அந்த அரை நிமிடம் நடப்பவனுக்கு உரியது என்றே நான் பல குளிர்காலங்களாக எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணம் கலைந்தது வார்டோவில், ஜனவரி மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலையில். கலைந்த பின்னும் அது என்னை விட்டுப் போகவில்லை. யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. பறவை எதுவும் சாகவில்லை. அப்படியிருந்தும் ஒரு முள் போல அது உள்ளே இருந்துகொண்டே வந்தது. அதைப் பற்றி எழுதிப் பார்த்தாலாவது அது என்ன முள் என்று விளங்கும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வார்டோ நோர்வேயின் வடகிழக்கு மூலையில், வராங்கர் தீபகற்பத்தின் நுனியில் உள்ள ஒரு தீவு நகரம். வட அகலாங்கு 70 பாகையையும் தாண்டியது. 1982இல் திறக்கப்பட்ட, நாட்டின் முதலாவது கடலடிச் சுரங்கப்பாதை அதைப் பெருநிலத்தோடு இணைக்கிறது. நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி 20ஐ ஒட்டித்தான் மீண்டும் தலைகாட்டும். அதன் முழு வட்டமும் கோட்டையிலிருந்து தெரியும் முதல் நாளில் பீரங்கி முழங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. வார்டோ உள்ள வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் தமிழர்கள் வேலைக்குச் சேர்ந்த கதை இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும் என்பதால் நான் எப்படி இங்கு வந்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். தொழிற்சாலையின் பின்பக்கக் கதவைத் திறந்தால் துறைமுகம். அங்கே புகைபிடிக்க நிற்பவர்களோடு நானும் நின்றபோது, கறுத்த நீரில் வெள்ளைப் பொட்டுகளாக மிதந்தவை என்னவென்று கேட்டதில் என் பறவை பார்த்தல் தொடங்கியது.

அவை ஸ்டெல்லர் வாத்துகள். நோர்வேஜிய மொழியிலும் அதே பெயர்தான். 1741இல் கடலோடி பெரிங்கின் கப்பலில் அலாஸ்காவரை போன இயற்கையியலாளர் கியோர்க் ஸ்டெல்லரின் பெயர் அது. ஈடர் என்று சொல்லப்படும் நான்கு வகைக் கடல்வாத்துகளில் இதுவே மிகச் சிறியது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. சாதாரண ஈடரின் எடையில் பாதிகூட வராது. ஆண் பறவையின் தலை வெள்ளை. பிடரியில் ஒரு சிறு பச்சைக் குஞ்சம். கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் கறுப்பு. மார்பும் வயிறும் வறுத்த கச்சான் தோலின் நிறம். மார்பின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, விரலால் மை தொட்டு வைத்ததுபோல ஒரு கறும்பொட்டு. சைபீரியாவின் வடகரையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தை இந்தக் கரையில் கழிக்க வருகின்றன. பால்டிக் கடலிலும் முன்பு பெருந்தொகையாகக் குளிர்காலத்தைக் கழித்தவை, 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு அங்கே வேகமாகக் குறைந்துவிட்டன. உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ளவை என்று பட்டியலிடப்பட்ட பறவை இது. அத்தகைய பறவை என் வேலைத்தளத்தின் பின்கதவுக்கு நேரே மிதக்கிறது என்பது எனக்கு நெடுநாள் நம்ப முடியாத ஒன்றாகவே இருந்தது.

அன்று குளிர் மைனஸ் 7 பாகை. வார்டோவில் குளிரைவிடக் காற்றுத்தான் ஆளைத் துரத்தும். அன்று காற்று இல்லை. சூரியன் தெற்கே மலைவிளிம்பை உரசிக்கொண்டு நின்றதில் நீர் முழுவதும் செம்பு நிறம். அலைத்தடுப்பின் உட்பக்கத்தில் 43 ஸ்டெல்லர் வாத்துகளை எண்ணினேன். அவற்றில் 17 ஆண்கள். பாறையடியில் கடற்பாசி அடர்ந்த, ஆழம் குறைந்த இடம் அது. அவை மூழ்கின, நான் நடந்தேன். அவை எழுந்தன, நான் நின்றேன். பாதணியின் அடியில் மாட்டியிருந்த பனிமுள் கல்லில் உரசும் ஒலி அவற்றுக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும், அவை நீருக்கடியில் இருந்தன. ஆறாவது முறை நான் அலைத்தடுப்பின் விளிம்பில், முழங்காலிட்டு, கமராவைக் கண்ணில் வைத்தபடி காத்திருந்தேன். முதல் தலை 15 மீற்றர் தூரத்தில் எழுந்தது. பிறகு தக்கைகளை யாரோ கீழிருந்து விட்டதுபோல ஒவ்வொன்றாக எல்லாம் எழுந்தன. நீர் அவற்றின் முதுகில் மணிமணியாக உருண்டது. நான் நான்கு படங்கள் எடுத்தேன். ஐந்தாவதற்குள் அவை பறந்துவிட்டன.

ஸ்டெல்லர் வாத்து பறக்கும்போது சிறகு சீழ்க்கை அடிக்கும். நாற்பது சோடிச் சிறகுகள் ஒன்றாகச் சீழ்க்கையடிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலி மறக்காது. அது என் தலைக்கு மேலாகப் போய், அலைத்தடுப்பைத் தாண்டி, திறந்த கடல் பக்கம் தேய்ந்தது. அவை திரும்பி வருமென்று ஒன்றரை மணி நேரம் நின்றேன். வரவில்லை. செம்பு நிறம் சாம்பலாகி, சாம்பல் நீலமாகி, பகல் முடிந்தது.

திரும்பி வரும் வழியில், அலைத்தடுப்பு தொடங்கும் இடத்தில், ஒரு கார் கடலைப் பார்த்தபடி நின்றது. கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன் விளிம்பில் ஸ்கோப் என்னும் தொலைநோக்கியைப் பொருத்தி ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். அவரை ஊரில் பலமுறை கண்டிருக்கிறேன், பேசியதில்லை. மடியில் ஒரு குறிப்புப் புத்தகம். நல்ல படம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன் என்றேன். அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, நேரம் சொல்பவரின் குரலில் சொன்னார்: “இன்று வெளிச்சம் வந்த பிறகு அவை எழுந்து பறந்தது மூன்றாவது முறை. முதலில் கழுகு. பிறகு யாரோ கட்டாமல் விட்ட நாய். மூன்றாவது நீங்கள்.” அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது மறுமொழி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மறந்திருப்பேன். அவர் என்னைக் கழுகுக்கும் நாய்க்கும் அடுத்த வரியில், அதே மையால், எழுதியிருந்தார்.

நிமிர்ந்த கழுத்துகள்

அன்று இரவு படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். நான்கில் ஒன்று மிகத் தெளிவாக வந்திருந்தது. பதினொரு பறவைகள் சட்டத்துக்குள் இருந்தன. எல்லாவற்றின் கழுத்தும் நேராக நிமிர்ந்திருந்தது. பொன்னிற ஒளி வெள்ளைத் தலைகளில் விழுந்திருந்தது. ஆண் பறவைகளின் பச்சைக் குஞ்சம்கூடத் தனியாகத் தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சொல்லைச் சொன்னார்கள்: கம்பீரம். என்ன ஒரு கம்பீரமான நிற்பு என்றார்கள். நானும் முதல் ஒரு வாரம் அப்படித்தான் பார்த்தேன்.

ஆனால் அதற்கு முன்பு நூறு மீற்றர் தூரத்திலிருந்து நான் மணிக்கணக்காகப் பார்த்த ஸ்டெல்லர் வாத்துகளின் கழுத்து இப்படி இருந்ததேயில்லை. நிம்மதியாக மிதக்கும் வாத்தின் கழுத்து உடலுக்குள் அடங்கியிருக்கும். தலை தோளில் வைத்த உருண்டைபோல இருக்கும். வால் நீரைவிட்டுச் சற்று உயர்ந்திருக்கும். கழுத்து நிமிர்வது அது பறப்பதற்கு முந்திய விநாடியில். என் படத்தில் இருந்த கம்பீரம் பதினொரு பறவைகளின் அச்சம். மூழ்கும்போது அங்கே யாரும் இல்லை. அரை நிமிடம் கழித்து மூச்சுக்காக மேலே வந்தால், பாறையின் நுனியில், தங்களையே நோக்கியபடி ஓர் உருவம். நான் அவற்றின் கண்ணில் எப்படித் தோன்றியிருப்பேன் என்பதை அந்தப் படம் எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. வனவிலங்குப் படங்களில் நாம் கம்பீரம், கூர்மை, உயிர்ப்பு என்று பாராட்டுவதில் எவ்வளவு பங்கு, படமெடுத்தவரைப் பார்த்து அந்த உயிர் மிரண்ட கணம் என்ற கேள்வி அன்றிலிருந்து எந்தப் பறவைப் படத்தைப் பார்த்தாலும் வந்து நிற்கிறது. எல்லாப் படங்களும் அப்படி அல்ல. ஆனால் கழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எனக்கு நானே வழக்காடாமல் இல்லை. கடல்வாத்து பறப்பது புதுமையா? வெண்வால் கடற்கழுகு ஒரு நாளில் பலமுறை துறைமுகத்தின் மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு முறையும் கூட்டம் எழுகிறது. மீன்பிடிப் படகுகள் வருகின்றன, போகின்றன. இவற்றோடு ஒரு மனிதன் முழங்காலிட்டது என்ன பெரிய குற்றம்? இந்த வாதத்தின் முதல் பகுதிக்கு விடை எளிது: கழுகுக்குப் பசி, எனக்குப் பசி இல்லை. இரண்டாவது பகுதிக்கு விடையைத் துறைமுகத்திலேயே கண்டேன். தினமும் ஒரே வழியில், ஒரே வேகத்தில் வரும் படகுக்கு வாத்துகள் வழிவிட்டு விலகி நீந்துகின்றன, பறப்பதில்லை. எங்கிருந்து வருகிறது, எங்கே போகும் என்று அவற்றுக்குத் தெரிந்த ஒன்று அது. நான் செய்தது அதற்கு நேர் எதிரானது. வருவது தெரியாமல் வருவதுதான் அந்த வழியின் நுட்பமே.

மூன்றரை மணி நேரப் பகல்

மூதாட்டி சொன்ன “மூன்றாவது முறை” என்ற எண்ணிக்கைதான் என்னை அதிகம் வாட்டியது. அதன் பொருள் எனக்கு விளங்கச் சிறிது காலம் எடுத்தது. ஜனவரிக் கடைசியில் வார்டோவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே நிற்பது மூன்றரை மணி நேரம் அளவுதான். முன்னும் பின்னும் உள்ள நீல வெளிச்சத்தைச் சேர்த்தால் இன்னும் சில மணி நேரம். டிசம்பர் நடுவில் சூரியனே இல்லை. நண்பகலை ஒட்டி நான்கு மணி நேரம் போல மங்கிய ஒளி மட்டும். கடலடியில் இரை தேடும் வாத்துக்கு வெளிச்சம் என்பது வேலை நேரம். இந்த அகலாங்கில் குளிர்காலத்தைக் கழிக்கும் கடல்வாத்துகள் பகல் குறுகக் குறுக அந்தப் பகலின் பெரும்பங்கை இரை தேடுவதிலேயே செலவிடுகின்றன. விடியலுக்கு முந்திய, அந்திக்குப் பிந்திய மங்கலிலும் மூழ்கிக்கொண்டிருக்கின்றன. ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் மீதி நேரம் இல்லாத நாட்கள் அவை. அத்தகைய ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நான் எடுத்துக்கொண்டேன்.

இரை கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. ஸ்டெல்லர் வாத்து சிறு மட்டிகளையும் நத்தைகளையும் ஓட்டோடு அப்படியே விழுங்கிவிடும். ஓட்டை உடைப்பது வயிற்றின் தசைச் சுவர்; அதற்கு நேரமும் வலுவும் வேண்டும். மட்டியின் எடையில் பெரும்பகுதி ஓடும் உப்பு நீருமே. மூன்று நான்கு பாகைக் குளிரில் இருக்கும் அந்த நீரையும் ஓட்டையும் பறவை தன் உடற்சூட்டுக்கு, 40 பாகையளவுக்கு, ஏற்ற வேண்டும். உண்பதே ஒரு செலவு. அதனால்தான் கூட்டம் சிறிது நேரம் மூழ்கும், சிறிது நேரம் ஒன்றாக மிதந்து அரைக்கும், மீண்டும் மூழ்கும். அந்த மிதக்கும் இடைவேளைதான் கரையிலிருந்து பார்ப்பவருக்கு “சும்மா இருக்கின்றன” என்று தோன்றும். அவை சும்மா இருக்கவில்லை. உடலின் பருமனோடு ஒப்பிட்டால் கடல்வாத்தின் சிறகு சிறியது. நீரிலிருந்து எழுந்து பறப்பதற்கு ஓய்வில் செலவாவதைப்போலப் பல மடங்கு ஆற்றல் வேண்டும். பாதி அரைத்த மட்டிச் சுமையோடு எழுந்தால் இன்னும் அதிகம். அதுவும் நான்கு ஈடர்களில் மிகச் சிறியதற்கு. சிறிய உடல் பெரிய உடலைவிட விரைவாகச் சூட்டை இழக்கும்.

இதையெல்லாம் நான் அறிந்துகொண்டது பிறகுதான். அறிந்த பின்னர் அந்தச் சனிக்கிழமையை மறுபடியும் மனத்தில் ஓட்டிப் பார்த்தபோது, நான் வென்றதாக நினைத்த ஒவ்வொரு அரை நிமிடமும் அந்தப் பறவைகள் நீருக்கடியில் மூச்சை அடக்கி உழைத்த அரை நிமிடம் என்பது தெரிந்தது. அவை காவலைக் கைவிட்ட நேரம் அது. பசியால் கைவிட்ட நேரம்.

பறக்காத பறவை

இதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: பறவை பறந்தால் நான் தவறு செய்தேன், பறக்காவிட்டால் தவறில்லை. வசதியான அளவுகோல் அது. ஊதா உள்ளான்களை நினைத்துத்தான் அந்த அளவுகோலைச் செய்துகொண்டேன். கரைப்பறவைகளில் இவ்வளவு வடக்கே குளிர்காலம் முழுவதும் பெருங்கூட்டமாகத் தங்குவது இந்த உள்ளான் ஒன்றே. வற்றுநீர் வெளிப்படுத்தும் பாறையில், அலை வந்து மோதும் விளிம்பிலேயே, ஈரக் கல்லின் நிறத்தில் ஓடித் திரியும். வற்றும் பெருக்கும் இரவு பகல் பார்ப்பதில்லை என்பதால் இவை இருட்டிலும் மேயும். மூன்று நான்கு மீற்றர்வரை நெருங்கினாலும் பறக்காது. சற்றே ஓரமாக நடந்து போகும். மனிதரை அஞ்சாத பறவை என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் நம்பிக்கையைப் பெற்றுவிட்டதாக எண்ணி நான் மகிழ்ந்ததுண்டு.

2004இல் பீல், மொனகன் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது அந்த மகிழ்ச்சி போய்விட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது கல்திருப்பி உள்ளான்களை. ஒரு பகுதிக் கடற்கரையில் இருந்த பறவைகளுக்குச் சில நாட்கள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். மற்றப் பகுதியில் கொடுக்கவில்லை. பிறகு மனிதர் நடந்து நெருங்கும்போது எவை முதலில் பறக்கின்றன என்று பார்த்தார்கள். நாம் எதிர்பார்ப்பது, உணவு கிடைத்துப் பழகியவை நெருங்க விடும் என்பது. நடந்தது மறுதலை. வயிறு நிறைந்த பறவைகள் தூரத்திலேயே எழுந்து போயின. கூடுதல் உணவு கிடைக்காதவை நெருங்கும்வரை இருந்தன. விலகிப் போக வசதி உள்ளது விலகிப் போகிறது. இல்லாதது இருந்த இடத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் பறக்காமல் நிற்கும் பறவை என்னை ஏற்றுக்கொண்டது என்று நான் எடுத்துக்கொண்டதற்கு அடிப்படையே இல்லை. அது என்னை அஞ்சாமல் இருக்கலாம். அஞ்சியும் போக வழியற்று இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிற்பு.

ஆள் போதாத இரவு வேலை நேரத்தில், நோயோடு வேலைக்கு வந்து நிற்பவரைப் பார்த்து “இவருக்கு வேலையில் எவ்வளவு பற்று” என்று மேற்பார்வையாளர் ஒருவர் வியந்ததை நான் கேட்டிருக்கிறேன். சம்பளம் வெட்டுப்படும் என்பதால் வந்தவர் அவர். பறவையையும் மனிதரையும் இப்படிச் சேர்த்துச் சொல்வது எனக்கு வழக்கமில்லை. ஆனாலும் அந்த ஆய்வைப் படித்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது அவருடைய முகம்தான்.

முன்னதாகப் போய் இருப்பது

பிறகு நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். பறவை பார்ப்பதை விடவில்லை. விட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், ஆனால் வராங்கரில் குளிர்காலத்தைக் கடத்துவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மூதாட்டி செய்ததையே செய்யத் தொடங்கினேன். வெளிச்சம் வருவதற்கு முன்பே போய், இடத்தைத் தெரிவு செய்து, இருந்துவிடுவது. கார் ஒரு நல்ல மறைவிடம். வாத்துகளுக்கு அது கரையில் உள்ள இன்னொரு பாறை. வராங்கர் கரையோரத்தில் பல இடங்களில், வார்டோவைத் தளமாகக் கொண்ட பயோடோப் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த மரத்தாலான காற்று மறைப்புகள் உள்ளன. அவற்றுக்குள் இருந்தாலும் உருவம் வானத்தின் பின்னணியில் தெரியாது. வடக்கே போட்ஸ்பியோர்ட் துறைமுகத்தில் மிதக்கும் மறைவிடம் ஒன்றுகூட உண்டு. விடியுமுன் அதற்குள் போய் அமர்ந்தால், நெற்றியில் செம்மஞ்சள் புடைப்போடு அரச ஈடர்கள் நீர்மட்டத்தில் கண்ணுக்கு நேராக வரும். இவை எல்லாவற்றிலும் பொதுவானது ஒன்று: மனிதர் முதலில் அங்கே இருக்கிறார், பறவை பிறகு வருகிறது. வருவதா வேண்டாமா என்பது அதன் கையில்.

பல நாட்கள் எதுவும் வராது. கண்ணாடியில் மூச்சு உறைந்து, கால்விரல் மரத்து, தேர்மோஸ் போத்தலில் தேநீர் ஆறி, நீள்வால் வாத்துகள் தூரத்தில் ஒன்றையொன்று அழைக்கும் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிய நாட்களே அதிகம். அந்தக் குரலுக்காகவே போகலாம் என்பது வேறு விடயம். இருட்டுக் காலத்தில் கடலிலிருந்து வரும் ஒலிகளில் அதைவிட இனியது எதையும் நான் கேட்டதில்லை.

இரண்டு குளிர்காலங்கள் கழித்து, பெப்ரவரி நடுவில், சுரங்கப்பாதையின் மறு பக்கத்தில் உள்ள ஸ்வார்ட்னெஸ் குடாவில் காரை நிறுத்தி இருந்தேன். பகல் நாளுக்குப் பத்து நிமிடம் அளவு நீளும் காலம் அது. பத்து மணி போல, குடாவின் வாயிலில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அது மூழ்கியது, எழுந்தது, மூழ்கியது. ஒவ்வொரு முறை எழும்போதும் சற்றுக் கிட்டத்தில் எழுந்தது. முன்பு நான் செய்ததை இப்போது அவை செய்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 26 ஸ்டெல்லர் வாத்துகள் காரிலிருந்து ஒன்பது மீற்றரில், முழங்காலளவு நீரில், கரையோடு ஒட்டி மேய்ந்தன. அங்கே மூழ்க ஆழம் போதாது. தலையை மட்டும் நீருக்குள் விட்டு, வாலை மேலே நீட்டி, பாசியைத் துழாவின. கமரா பக்கத்து இருக்கையில் கிடந்தது. கையை அசைக்கவில்லை. தூரத்திலிருந்து வெறும் கருமை என்று நான் நினைத்திருந்த பெட்டையின் இறகுக்குள் எத்தனை பழுப்புகள் இருந்தன என்பதை அன்றுதான் கண்டேன். சிறகில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு நீலப் பட்டை. ஓர் ஆண் நத்தை ஒன்றை விழுங்கியது. அது கழுத்தில் இறங்குவது வெளியே தெரிந்தது. விழுங்கிய பின் அலகைத் திறந்து மூடித் தலையை உதறியது. அலகின் நுனியிலிருந்து தெறித்த உப்புநீர்த் துளியில் ஒரு கணம் வெளிச்சம் பட்டது. எல்லாக் கழுத்துகளும் அடங்கியிருந்தன.

இப்போது தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் புதிதாகக் கமரா வாங்கி என்னோடு வருகிறார். சென்ற குளிர்காலத்தில் அதே அலைத்தடுப்பின் தொடக்கத்தில் இருவரும் நின்றோம். கூட்டம் 70 மீற்றரில் இருந்தது, மூழ்கியது. “அண்ணை, இப்ப ஓடினா கிட்டப் போயிடலாம்” என்றார். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானே கண்டுபிடித்துவிட்டார். “வேண்டாம் தம்பி, அதுகள் வரட்டும்” என்றேன். வராவிட்டால் என்று கேட்டார். வராவிட்டால் இவ்வளவுதான் என்றேன். அவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் அவருடைய வயதில் இருந்தபோது எனக்கும் போதியிருக்காது. அந்தக் கம்பீரமான படத்தை அவருக்குக் காட்டி, கழுத்துகளைப் பற்றிச் சொன்னேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆனாலும் நல்ல படம் அண்ணை” என்றார். அதையும் நான் மறுக்க முடியாது.

என் குறிப்புப் புத்தகத்தில் திகதி, நேரம், காற்று, இனம், எண்ணிக்கை என்ற நிரல்களுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் இருக்கிறது. மூதாட்டியின் புத்தகத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. அதன் தலைப்பு “எழுந்து பறந்தவை, காரணம்.” பெரும்பாலான வரிகளில் கழுகு, நாய், அல்லது பூச்சியம். சென்ற மார்ச் 2ஆம் திகதிக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறேன்: வார்டோ, உள்துறைமுகம், காலை 9.40, வடமேற்குக் காற்று, ஸ்டெல்லர் வாத்து 31. எழுந்து பறந்தவை 31. காரணம்: நான் காரின் கதவைத் திறந்தேன்.